பிடித்திருக்கிறது என்பதும் ஒரு காரணம்தான்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை, நுவரெலியா, இராகலைப் பக்கங்களில் சாதாரண தரத்தை முடித்துவிட்டு, உயர்தரத்துக்கு எந்தப் பிரிவை எடுப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் மாணவ மாணவியருக்கு,

டாக்டருக்குப் படிக்கப்போகிறேன், இன்ஜினியருக்குப் படிக்கப்போகிறேன் என்று சொன்னால் உங்கள் வீட்டில் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். பௌதிகவியல் படித்து அந்தத் துறையிலேயே இருக்கப்போகிறேன் என்று சொல்லிப் பாருங்கள், "படிச்சு என்னா செய்யப்போற?" என்ற கேள்வி அடுத்த நிமிடமே வரும். அதற்கு நம்மவர்கள் கைவசம் வைத்திருக்கும் பதில்கள் எனக்கும் தெரியும். வெளிநாடு போகலாம், தோட்டத்தை விட்டு வெளியேறலாம், சமூகத்தை உயர்த்தலாம். எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்தப் பதில்கள் எதிலுமே பௌதிகவியல் இல்லை என்பதைக் கவனியுங்கள். கணக்கியலுக்கும் சட்டத்துக்கும் இதே பதில்களைச் சொல்லிவிடலாம். "எனக்கு அது பிடித்திருக்கிறது, அது எப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்" என்ற பதில் மட்டுமே இந்தப் பாடத்துக்குரியது. அதைச் சொல்லத்தான் நீங்கள் கூச்சப்படுகிறீர்கள். கூச்சப்படத் தேவையில்லை, அந்தக் காரணம் போதும், நெடுநாள் தாக்குப்பிடிப்பதும் அதுதான் என்று வாதிடவே இந்த மடல்.

பயன் என்ன என்ற கேள்வி எல்லா ஊரிலும் கேட்கப்படுவதுதான். மலையகத்தில் மட்டும் அதற்குக் கனம் கூடுதல். கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கூட்டிவரப்பட்டது முதல், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்ட பிறகும், இந்தச் சமூகம் எதற்கு உதவும் என்ற கணக்கிலேயே வைத்துப் பார்க்கப்பட்டது. கொழுந்து மடுவத்தில் கிலோ காணாவிட்டால் அரைப்பேர். பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கணக்குக்குள்தான் அடங்கியது. வாசிக்கவும் கூட்டிக் கழிக்கவும் தெரிந்தால் போதும் என்ற அளவில் தோட்டப் பாடசாலைகள் நடந்தன. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது அவை அதற்கு வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். கேம்பிரிட்ஜில், எலக்ட்ரானின் சமன்பாட்டைத் தந்த டிராக்கிடம் ஆய்வு செய்துவிட்டுத் திரும்பிய சி. ஜே. எலியேசர் கொழும்பில் கணிதப் பேராசிரியராகவும், ஏ. டபிள்யூ. மயில்வாகனம் பௌதிகவியல் பேராசிரியராகவும் இருந்த காலத்தை ஒட்டித்தான் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. ஒரே தீவு, ஒரே மொழி. ஒரு பக்கம் எலக்ட்ரானின் சமன்பாடு, மறுபக்கம் லயக் காம்பராவுக்குக்கூட உரிமையில்லை. ஆகவே உங்கள் அம்மாவும் அப்பாவும் பயனைக் கேட்பதில் குற்றம் காண முடியாது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டது அவர்கள் அல்ல. அவர்களிடம் அது கேட்கப்பட்டது.

பிடித்ததற்காகவே இந்தப் பாடத்துக்கு வந்த ஒருவரைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அன்னா மணி 1918இல் பீர்மேட்டில் பிறந்தவர். கேரளத்து மலையூர், தேயிலையும் ஏலமும் விளையும் இடம், அங்கேயும் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் தமிழர்கள் ஏராளம். எட்டாவது பிறந்தநாளுக்கு வைரத்தோடு கொடுத்தபோது அதை மறுத்து பிரித்தானியக் கலைக்களஞ்சியம் கேட்டார் என்ற கதையை அவரைப் பற்றி எழுதுபவர்கள் விடுவதில்லை. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, பௌதிகவியலைத் தேர்ந்ததற்கு அவருக்குப் பெரிய இலட்சியக் காரணம் எதுவும் இருக்கவில்லை என்பது. பாடம் பிடித்திருந்தது, நன்றாக வந்தது, அவ்வளவே. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். உதவித்தொகை பெற்று பெங்களூரில் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை வைரங்களும் மாணிக்கங்களும் எப்படி ஒளிர்கின்றன என்று அளப்பது. (தோடாக வேண்டாம் என்றவர் ஆய்வுக்கு முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களைக் கையில் எடுத்தார்.) அந்த ஒளிர்வு அவ்வளவு மங்கல், ஒரு புகைப்படத் தகட்டில் அது பதிய 15 மணி முதல் 20 மணி நேரம் வரை பிடிக்கும். 1942 முதல் 1945 வரை தனி ஆசிரியராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார். 1945இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேட்டை அனுப்பினார். முதுகலைப் பட்டம் இல்லை என்ற காரணம் காட்டி அவருக்குக் கலாநிதிப் பட்டம் மறுக்கப்பட்டது. லண்டன் இம்பீரியல் கல்லூரிக்குப் பௌதிகவியல் படிக்கப் போகலாம் என்றால், கிடைத்த உதவித்தொகை வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சிக்கானது. அதையும் எடுத்துக்கொண்டார். 1948இல் திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு கருவிகளின் வரைபடங்களைத் தரப்படுத்தி அவற்றை உள்நாட்டிலேயே செய்ய வழி வகுத்தார்; சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடு முழுவதும் அமைத்தார்; ஓசோனை அளக்கும் கருவியை உருவாக்கினார். 1976இல் ஓய்வு பெற்ற பிறகும் இந்தியாவின் சூரிய ஒளி, காற்று பற்றிய தரவு நூல்களைத் தொகுத்தார். இன்று அங்கே காற்றாலை நிறுவுபவர்களுக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

இந்த வாழ்க்கையில் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பாருங்கள். பட்டமே நோக்கம் என்றால் 1945இல் எல்லாம் முடிந்திருக்கும். ராமனின் நிழலில் கிடைக்கும் பெயர்தான் நோக்கம் என்றால் பெங்களூரை விட்டிருக்கமாட்டார். வைரத்தின் மேலான மோகம் மட்டும்தான் என்றால் மழைமானியையும் காற்றுமானியையும் முப்பது வருடம் சீண்டியிருக்கமாட்டார். மிஞ்சுவது ஒன்றுதான்: ஒன்றைச் சரியாக அளந்து, அது ஏன் அப்படி என்று தெரிந்துகொள்வதில் இருந்த விருப்பம். அது பொருள் மாறினாலும் மாறாமல் கூடவே வந்தது. தாக்குப்பிடிப்பது என்று நான் சொன்னது இதைத்தான்.

ராமனிடமும் இதைக் காணலாம், வேறு விதமாக. 1907இல் நிதித் துறை உத்தியோகத்தில் கல்கத்தாவுக்குப் போனவர், பத்து வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டே காலையிலும் மாலையிலும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். 1917இல், வருமானம் குறையும் என்று தெரிந்தே, பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1921இல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து எழுந்த சந்தேகம்தான் 1928இன் கண்டுபிடிப்புக்கும் 1930இன் நோபலுக்கும் இட்டுச்சென்றது. விருப்பத்தைப் பின்தொடர்பவர் சோற்றை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பத்து வருடங்கள் அதற்குச் சாட்சி.

விஞ்ஞானிகளை உந்துவது எது என்பதைப் பற்றி ஐன்ஸ்டைன் 1918இல் பெர்லினில், மாக்ஸ் பிளாங்கின் அறுபதாவது பிறந்தநாள் விழாவில் ஓர் உரை ஆற்றினார். மூளையின் பலத்தைக் காட்டிப் பார்க்கும் இன்பத்துக்காக வருபவர்கள், பயனுக்காக வருபவர்கள் என்று பலரை ஒதுக்கிவிட்டு, மிஞ்சியவர்களிடம் இரண்டு உந்துதல்களைக் கண்டார். ஒன்று, அன்றாட வாழ்வின் கரடுமுரடிலிருந்து தப்பிக்கும் ஆசை. மற்றது, உலகத்தைப் பற்றித் தனக்கென்று ஒரு தெளிவான சித்திரத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஆசை. முதலாவதை மலையகத்தில் அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்குத் தயக்கம் உண்டு. இங்கே தப்பித்தல் எல்லாருடைய காரணமும்தான். கொழும்பில் கடை வேலைக்குப் போகிற பிள்ளையும், மத்திய கிழக்குக்குப் போகிற தாயும் தப்பித்துத்தான் போகிறார்கள். தப்பித்தல் உங்களை உயர்தர வகுப்பு வரைக்கும் தள்ளிவிடும். பல்கலைக்கழகத்தின் இரண்டாம் வருடத்தில், தோட்டம் கண்ணுக்கு மறைந்த பிறகு, அதற்கு மேலே தள்ளுவதற்கு அதனிடம் பலம் இருக்காது. ஐன்ஸ்டைன் சொன்ன இரண்டாவது பாதிதான் அப்போது கை கொடுக்கும்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம். வலுவானது இது: அன்னா மணியின் தகப்பனார் ஏலத்தோட்டம் வைத்திருந்தவர், ராமனின் தகப்பனார் கல்லூரி விரிவுரையாளர், பிடித்ததைச் செய்வது அவர்களுக்குக் கட்டுப்படியானது, கூலிக்கு மலையேறுகிறவர்களின் பிள்ளைக்கு அது ஆடம்பரம். முதல் பாதி உண்மை. பீர்மேட்டில் ஏலத் தோட்டக்காரரின் மகள் விஞ்ஞானி ஆனார். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களின் மகள்களுக்கு என்ன ஆனது என்று எந்த நூலும் சொல்லவில்லை. புத்தகம் கட்டும் கடையில் பயிலுநராக இருந்த மைக்கேல் பரடேயைக் காட்டி இதை மறுக்கலாம். கட்ட வந்த புத்தகங்களை வாசித்துத்தான் அவர் 1831இன் மின்காந்தத் தூண்டலுக்கு வந்து சேர்ந்தார். ஆனால் ஒரு பரடேயைக் காட்டி ஒரு சமூகத்தின் வறுமைக்குப் பதில் சொல்வது நேர்மையில்லை. என் பதில் வேறு. காசு வேண்டியது படிப்பைத் தொடர்வதற்கு. அதற்கு உதவித்தொகையும் மகாபொலவும் போராட்டமும் வேண்டும். அறிய விரும்புவதற்குக் காசு வேண்டாம். அதற்கு வேண்டிய பொருள் உங்களைச் சுற்றி, நாட்டில் வேறு எந்த மாவட்டத்தையும்விட அதிகமாகக் கிடக்கிறது.

கொழுந்து வாட்டும் மாடிக்குப் போனால் இரண்டு வெப்பமானிகள் பக்கத்துப் பக்கமாகத் தொங்கும். ஒன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். துணியிலிருந்து நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் அந்த வெப்பமானி குறைவாகக் காட்டும். காற்று உலர்ந்திருந்தால் வித்தியாசம் அதிகம். மூடுபனி உள்ளே வந்துவிட்டால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். அப்போது விசிறி எவ்வளவு சுற்றினாலும் கொழுந்து வாடாது, சூடான காற்றைக் கலந்தாக வேண்டும். உங்கள் பாடநூலில் சாரீரப்பதன் என்ற அலகில் வருவது இதுதான். கணக்கையும் போட்டுவிடலாம். 100 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ 22 கிலோ தேயிலை கிடைக்கிறது. மீதி 78 கிலோ தண்ணீர் காற்றோடு போயாக வேண்டும். நீரின் ஆவியாதல் மறைவெப்பத்தை வைத்துப் பெருக்கினால் அதற்கு ஏறத்தாழ 49 அலகு மின்சாரத்துக்குச் சமமான சக்தி தேவை. தொழிற்சாலை எரிக்கும் விறகு அதைவிட எவ்வளவு அதிகம், அந்த மிச்சம் எங்கே போகிறது? இது ஒரு நல்ல ஆய்வுக் கேள்வி. இதற்கு வெளிநாட்டு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு ஊவாப் பக்கம் இறங்கும் காற்று உலர்ந்து சூடாகிக் கச்சானாக வீசுகிறது. ஊவாத் தேயிலைக்கு வாசனை ஏறுவது அப்போதுதான். ஜனவரி முதல் மார்ச் வரை காற்று திசை மாறி, அந்த அதிர்ஷ்டம் திம்புளைக்கு, அதாவது உங்கள் பக்கத்துக்கு வருகிறது. ஒரே மலை, ஒரே வெப்ப இயக்கவியல். கொழும்பு ஏலத்தில் விலை மட்டும் மாதத்துக்கு மாதம் வேறு.

கொழுந்து மடுவத்தையே எடுங்கள். மழை நாளில் இலையோடு வரும் தண்ணீருக்கென்று நிறையில் கழிப்பது தலைமுறைகளாக நடக்கும் தகராறு. உண்மையில் எவ்வளவு தண்ணீர் ஒட்டிக்கொண்டு வருகிறது? ஒரு கிலோ ஈரக் கொழுந்தை நிறுத்து, துணியால் ஒற்றிவிட்டு மறுபடி நிறுத்தால் ஓர் எண் கிடைக்கும். பத்துக் கூடையில் பத்து முறை செய்தால் அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் கிடைக்கும். இரண்டாவதுதான் பௌதிகவியல், முதலாவது வெறும் தராசு. மலைக்குக் கீழே பாருங்கள்: டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் 1918இலேயே இந்த ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். லக்ஸபான நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல். காசல்ரீ, மவுசாகலை, தலவாக்கலையின் மேல் கொத்மலை எல்லாம் பிறகு வந்தவை. ஒரு கன மீற்றர் தண்ணீர் 100 மீற்றர் விழுந்தால் கால் அலகுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சக்தி கிடைக்கும் என்பது உங்கள் பாடத்தின் முதல் தவணைக் கணக்கு. அந்த மின்சாரம் லயன் கூரைகளுக்கு மேலாகக் கம்பியில் கொழும்புக்குப் போன காலத்தில் கீழே பல வீடுகளில் குப்பி விளக்கு எரிந்தது. அதற்குக் காரணம் பௌதிகவியல் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும்.

அடுத்த எதிர்வாதம், தொழில். இதில் நான் சர்க்கரை தடவப் போவதில்லை. இலங்கையில் பௌதிகவியல் விசேட பட்டத்தோடு வெளியே வருபவருக்கு மருத்துவருக்குப் போல நிச்சயமான நியமனம் காத்திருப்பதில்லை. ஆசிரியம், வானிலைத் துறை, மஹரகம போன்ற மருத்துவமனைகளில் கதிரியக்கச் சிகிச்சையோடு சேர்ந்த மருத்துவப் பௌதிகவியல், வங்கி, மென்பொருள் என்று பல பக்கம் சிதறித்தான் போகிறார்கள். ஆய்வுக்கு வழி இல்லாமலும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் தேசிய நிறுவனத்திலும் சூரியக் கலங்கள் பற்றிய ஆய்வு நடக்கிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பௌதிகவியல் கலாநிதி மாணவருக்குப் பெரும்பாலும் கட்டணத்தைத் தள்ளிச் சம்பளமும் கொடுக்கின்றன. மருத்துவத்துக்கோ சட்டத்துக்கோ அப்படிக் கொடுப்பது அரிது. அப்துஸ் சலாம் 1964இல் இத்தாலியின் திரியெஸ்தேயில் நிறுவிய மையம் வளரும் நாட்டு மாணவருக்கென்றே முழு உதவியுடன் ஒரு வருடப் பட்டயப் படிப்பு நடத்துகிறது. அப்துல் கலாமைக் காட்டி வாதாடுபவர்களும் உண்டு: திருச்சி புனித வளனார் கல்லூரியில் பௌதிகவியல் பட்டம் முடித்த பிறகு, இது தமக்குரிய பாடம் அல்ல என்று கண்டு விமானப் பொறியியலுக்கு மாறியதாக அவரே எழுதியிருக்கிறார். அது என் வாதத்துக்கு எதிரானதில்லை. அவருக்குப் பிடித்தது பறப்பது. அதைத் தெரிந்துகொண்டதும் மாறினார்.

"சமூகத்துக்கு முதலில் டாக்டரும் லோயரும் வேண்டும், பௌதிகவியலாளர் பிறகு வரட்டும்" என்பவர்களுக்கு இரண்டு பதில். மருத்துவத்துக்குப் போக வேண்டுமென்றாலும் உயர்தரத்தில் பௌதிகவியல் கட்டாயப் பாடம். மருத்துவக் கனவோடு வந்த எத்தனையோ பிள்ளைகள் சறுக்குவது இதில்தான். மலையகப் பாடசாலைகளில் இந்தப் பாடத்தை விரும்பிக் கற்பிக்க ஆளில்லை என்பதுதான் டாக்டர்கள் வராததற்கும் ஒரு காரணம். இது பயனைக் காட்டும் வாதம்தான், ஒத்துக்கொள்கிறேன். பயனைக் கேட்பவர்களுக்காகச் சொன்னேன். என் சொந்தப் பதில் இன்னொன்று. தேவை இருக்கிறது என்பதற்காக மட்டுமே ஒரு சமூகம் தன் பிள்ளைகளைப் படிக்க வைத்தால், அது துரை செய்த கணக்கைத் தானே தொடர்ந்து செய்கிறது. காணி உரிமையும் நியாயமான சம்பளமும் கேட்கும் சமூகம் பிடித்ததைப் படிக்கும் உரிமையையும் சேர்த்துக் கேட்கலாம்.

ஆய்வுக்கூடம் இல்லை, விஞ்ஞானப் பிரிவுள்ள பாடசாலைக்கு பஸ் ஏறிப் போக வேண்டும், பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் என்பவையெல்லாம் உண்மையான தடைகள். அவற்றுக்கு அரசையும் கல்வி அமைச்சையும்தான் பிடிக்க வேண்டும், உங்கள் ஆசையை அல்ல. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் பல்கலைக்கழக அனுமதியில் உங்களுக்கு ஒதுக்கீடு உண்டு. அதைச் சலுகை என்று யாராவது குத்திக்காட்டினால், 1945க்கும் 1970களுக்கும் இடைப்பட்ட வருடங்களை எண்ணிக் காட்டுங்கள்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். கையடக்கத் தொலைபேசியில் கருந்துளை பற்றிய காணொளிகளைப் பார்த்து வாய் பிளப்பது பௌதிகவியல் பிடித்திருப்பதாகாது. பௌதிகவியல் என்பது அனேகமாக மூன்று மணி நேரம் ஒரே கணக்கோடு உட்கார்ந்திருப்பது, வரைபில் ஒரு புள்ளி ஏன் விலகி நிற்கிறது என்று தேடுவது, இருபது மணி நேரம் ஒரு தகட்டுக்குக் காத்திருப்பது. விடை புத்தகத்தோடு பொருந்திய பிறகும் "அது ஏன் அப்படி?" என்று உங்களுக்குள் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு பிரிவை எடுப்பதில் அவமானம் எதுவுமில்லை. கலையிலும் வர்த்தகத்திலும் உங்களுக்குப் பிடித்தது இருக்கலாம், இந்த மடலின் வாதம் அங்கேயும் செல்லும். அந்த மிச்சம் இருக்கிறதென்றால், அதைச் சின்ன விஷயமாக எண்ணித் தள்ளிவிடாதீர்கள்.

உயர்தரப் பெறுபேறு வந்து பல்கலைக்கழக விண்ணப்பத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்தும் நாளில், பெரும்பாலானோர் பொறியியலை மேலே போட்டுவிட்டு, கிடைக்காவிட்டால் இருக்கட்டும் என்று பௌதிக விஞ்ஞானத்தைக் கீழே எழுதுவார்கள். உங்களுக்கு விருப்பம் அதுதான் என்றால் அதையே மேலே எழுதுங்கள். எழுதும் முன்பு பேராதனையிலோ யாழ்ப்பாணத்திலோ அந்தத் துறையில் படித்துக்கொண்டிருக்கும் ஒருவரைத் தேடிப்பிடித்து, முதல் வருடம் எப்படி இருக்கும் என்று கேட்டுவிடுங்கள்.